தீத் தொடாப் பலகாரங்கள்: ஒரு சிறு வரலாறு



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு வழிகாட்டி என்று எழுதி வந்தவள் இம்முறை பலகாரத்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். பாடத்தை விட்டுவிட்டுச் சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டாள் என்று எண்ண வேண்டா. இதுவும் ஒரு வகுப்பறையில் தொடங்கியதுதான். அதிலும், நான் செய்த பிழையில் தொடங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஆண்டிறுதி விருந்து நடைபெற்றது. நானே வீட்டிலிருந்து பால்கோவா செய்து எடுத்துச் சென்றிருந்தேன். வரிசையில் வந்த மாணவன் ஒருவன் கையை நீட்டவில்லை. "டீச்சர், எனக்குப் பால் ஆகாது" என்றான். பிள்ளைகள் பலரும் காய்கறியைக் கண்டால் முகம் சுளிப்பதுபோல் இதுவும் ஒரு செல்லப் பிடிவாதம் என்றே கருதினேன். "ஒன்றே ஒன்றுதானே, ஒன்றும் ஆகாது, சாப்பிடு" என்று அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஆசிரியர் சொல்லைத் தட்டக் கூடாது என்று அவனுக்குக் கற்பித்தவளும் நான்தான். அவன் தட்டவில்லை; உண்டான்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. உதடு தடித்தது, உடலெங்கும் தடிப்பு எழுந்தது, மூச்சு இழுத்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இறையருளாலும் மருத்துவர்களின் விரைவாலும் பிழைத்துக்கொண்டான். அன்று மாலை அவன் தாயார் முன் தலைகுனிந்து நின்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டதோ வேறொன்று: "டீச்சர், பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவன் ஒரு பலகாரம்கூடத் தின்றதில்லை. பால் சேராமல், பிள்ளைகளே கையால் செய்யக்கூடியதாக ஏதாவது உண்டா?"

வகுப்பறையில் அடுப்பில்லை, சுடுகலன் இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே பால் இல்லாத பலகாரம் மட்டுமன்று, தீயும் இல்லாத பலகாரம் வேண்டும். அதைத் தேடிச் சென்றபோது, இந்தத் தேவை நம் காலத்துப் புதுமையே அன்று என்பதை அறிந்தேன். அந்தத் தேடலில் கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சுடுவதே பெயராகிய பண்டம்

நாம் 'பிஸ்கட்' என்று வழங்கும் சொல்லின் வேர் இலத்தீன மொழியில் உள்ளது. 'இருமுறை சுட்டது' என்பது அதன் பொருள். முதலில் ரொட்டியாகச் சுட்டு, பின்னர் ஈரம் போக மறுபடியும் சுட்டு, நெடும் பயணத்திற்கு எடுத்துச் செல்வார்கள். மாலுமிகளும் போர்வீரர்களும் மாதக்கணக்கில் உண்டது அதுவே. உணவு கெடாமல் இருக்க ஈரத்தை நீக்க வேண்டும். ஈரத்தை நீக்கத் தீ வேண்டும். இது குளிர்நாட்டார் கண்ட வழி.

வெப்பநாட்டார் வேறொரு வழியைக் கண்டனர். தேன், வெல்லம், உலர்ந்த பழம் ஆகியவற்றில் இனிப்பு மிகுதியாகவும் ஈரம் குறைவாகவும் இருக்கும். கிருமிகள் வளர்வதற்குத் தேவையான நீரை அந்த இனிப்பே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அவற்றோடு பிசைந்த பண்டம் சுடாமலே பல நாள் கெடாது. இன்று 'சுடாத குக்கி' என்ற பெயரில் பரவும் ஈச்சம்பழ உருண்டைகளும் வில்லைகளும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன.

களிமண் ஏட்டில் ஓர் இனிப்பு

இதன் பழைய சான்றுகளுள் ஒன்று, இன்றைய சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த மாரி என்னும் நகரத்தில் கிடைத்துள்ளது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் அந்நகரின் அரண்மனை அலுவலர்கள் களிமண் ஏடுகளில் கணக்கு எழுதி வைத்தனர். 'மெர்சு' என்னும் இனிப்புக்காக இவ்வளவு பேரீச்சம்பழம், இவ்வளவு பிஸ்தா வழங்கப்பட்டது என்ற குறிப்புகள் அவற்றில் உள்ளன. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன்பே, அரசன் விருந்துக்காக ஈச்சம்பழமும் பருப்பும் ஒன்றுசேர்ந்துவிட்டன.

எனக்கு மிகவும் பயன்பட்டது அடுத்த சான்று. பாக்தாத் நகரைச் சேர்ந்த முகம்மது அல்-பாக்தாதி என்பவர் 1226ஆம் ஆண்டில் அரபு மொழியில் ஒரு சமையல் நூல் எழுதினார். அதில் 'ஹைஸ்' என்னும் பண்டத்தின் செய்முறை இருக்கிறது. காய்ந்த ரொட்டித் தூள் ஒரு இராத்தல்; கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் முக்கால் இராத்தல்; பொடித்த பாதாமும் பிஸ்தாவும் மூன்று ஊக்கியா; நல்லெண்ணெய் இரண்டு ஊக்கியா. எல்லாவற்றையும் கையால் நன்றாகப் பிசைந்து, உருட்டி, சருக்கரைப் பொடியில் புரட்ட வேண்டும். பயணிகளுக்கு இது மிகவும் ஏற்றது என்றும் அவர் சேர்த்திருக்கிறார். விரும்பினால் நல்லெண்ணெய்க்கு மாற்றாக வெண்ணெய் சேர்க்கலாம் என்கிறார். கவனியுங்கள்: அங்கே எண்ணெய்தான் முதன்மை, வெண்ணெய்தான் மாற்று. இன்று நாம் அதைத் தலைகீழாக்கிக்கொண்டோம்.

ஒரு இராத்தலுக்குப் பன்னிரண்டு ஊக்கியா. எனவே இந்தச் செய்முறையின் விகிதம் 12 : 9 : 3 : 2. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ரொட்டி முன்னரே சுடப்பட்டதுதான். ஆயினும் பிசைந்தபின் தீ தேவையில்லை.

நம் வீட்டில் இருந்தது

வெளியே தேடியவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தபோது நாணமாக இருந்தது. தமிழர் மரபில் தீத் தொடாத இனிப்புகளுக்குக் குறைவே இல்லை.

முதியவர் வேடத்தில் வந்து பசியென்ற முருகனுக்கு வள்ளி தந்தது தேனும் தினைமாவும் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. தினையும் தேனும் குறிஞ்சி நிலத்தின் விளைபொருள்கள். குசேலர் கண்ணனுக்கு முடிந்து எடுத்துச் சென்றதும் அவல். அதையும் உண்ணும்போது அடுப்பு வேண்டுவதில்லை.

எள்ளை எடுத்துக்கொள்வோம். 'எண்ணெய்' என்ற சொல்லே எள் + நெய் என்று பிரியும் என்பதை நாம் புணர்ச்சிப் பாடத்தில் கற்பிக்கிறோம். எள்ளைப் பயிராக்கியது இந்தியத் துணைக்கண்டத்து மக்களே என்பதற்குத் தாவரவியல் சான்றுகள் உண்டு. அரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்ததை 1940இல் வெளிவந்த அகழாய்வு நூல் பதிவு செய்துள்ளது. எள்ளையும் வெல்லத்தையும் உரலில் இட்டு இடித்தால், எள்ளிலுள்ள எண்ணெயே பிசையும் நெய்யாகிவிடும். வேறு நெய் எதற்கு?

மாரியம்மனுக்குப் படைக்கும் துள்ளுமாவும் அவ்வாறே. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து வெல்லம், ஏலம், சுக்கு சேர்ப்பார்கள். பிள்ளைக்குக் காது குத்தும்போது வழங்கும் காப்பரிசியில் அரிசி, வெல்லம், தேங்காய், எள், பொட்டுக்கடலை இருக்கும். பால் இல்லை. பழனிப் பஞ்சாமிர்தமும் அடுப்பேறாமல் பிசையப்படுவதே. வாழைப்பழம், சருக்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், ஏலம், நெய் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நெய் இருப்பதால் என் மாணவனுக்கு அது ஆகாது. 'தீ இல்லை' என்பதும் 'பால் இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

என் பாட்டி இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, நண்பகலில்தான் லயத்துக்குத் திரும்புவார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின்போது துள்ளுமாவும் எள்ளுருண்டையும் அவர்தம் கையால்தான் உருவாகும். வெல்லம் கிடைக்காதபோது மலாய்க்காரர் கடையில் வாங்கிய குலா மெலாக்காவைச் சீவிப் போடுவார். வாழ்நாளெல்லாம் 'பால்' எடுத்தவர். ஆனால் அது குடிக்கும் பாலன்று. குடிக்கும் பால் அவர் வீட்டில் அரிது. அந்த இல்லாமையில் பிறந்த பலகாரங்களை நாங்கள் 'தோட்டத்துப் பலகாரம்' என்று ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கிய வெண்ணெய் ரொட்டியை விருந்தினருக்கு வைக்கப் பழகினோம். மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்திருந்தபோதுதான் அந்த எள்ளுருண்டை என் நினைவுக்கு வந்தது. அதைச் செய்திருந்தால், அன்று அங்கே அமர்ந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. அதுவும் முழு உண்மையன்று. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் அண்டை வீட்டாரிடமும் ஒன்று உண்டு. மலாய் மக்களின் 'புத்து காச்சாங்' பாசிப்பயற்று மாவில் செய்வது. பயற்றை வறுத்து அரைத்து, சீனியும் சிறிதளவு நீரும் தெளித்து, மர அச்சில் அழுத்தி எடுத்து, வெயிலில் உலர்த்துவார்கள். வெயிலே சுடுகலன். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு நம் இல்லங்களுக்கும் வந்து சேரும் அந்தச் சிறு வில்லையை நான் எத்தனையோ முறை தின்றிருக்கிறேன்; அதன் அருமையை எண்ணியதில்லை.

பால் நம் வீட்டுக்குள் வந்த வழி

அப்படியானால் பால் இல்லாமல் பலகாரமே இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மலாயாவைப் பொறுத்தவரை, தகரக் குவளையில் அடைத்த இனிப்புக் கெட்டிப் பாலுக்கு அதில் பெரும் பங்குண்டு. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் கெடாமல் இருந்த பால் அதுவே.

அதன் மறுபக்கத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காவில் பிறந்த இவர், ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது 'குவாஷியோர்கர்' என்னும் புரதக் குறைபாட்டு நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். பின்னர்ச் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கெட்டிப் பாலைக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டும் பழக்கம் விற்பனையாளர்களால் பரப்பப்பட்டதையும், அதனால் குழந்தைகள் மடிந்ததையும் கண்டார். 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். தலைப்பே அவருடைய சினத்தைக் காட்டும். போர்க்காலத்தில் சாங்கியில் சிறைவைக்கப்பட்டும், மீண்டு வந்து தாய்சேய் நலப் பணியைத் தொடர்ந்தார்.

அவர் பாலுக்குப் பகைவர் அல்லர். யாருக்கு, எப்போது, எந்தப் பால் என்று கேட்டவர். பள்ளிகளில் பால் வழங்கும் திட்டம் நம் நாட்டில் 1983இல் தொடங்கியது. நானும் என் தொடக்கப்பள்ளிக் காலத்தில் அந்தப் பாலைக் குடித்தவள்தான். ஊட்டம் குன்றிய பிள்ளைகளுக்கு அது பெருந்துணை. ஆயினும் அதைக் குடித்தபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடிய தோழிகளும் இருந்தனர். 'சோம்பேறி, பாடத்துக்குப் பயந்து ஓடுகிறாள்' என்று ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். உலக மக்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்குக் குழந்தைப் பருவம் கடந்தபின் பாற்சருக்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைகிறது என்பதை இப்போது அறிகிறோம். ஆசியர்களிடையே இது மிகுதி.

இது வேறு, என் மாணவனுக்கு இருந்தது வேறு. செரியாமையால் வயிறு பொருமும், அவ்வளவே. ஒவ்வாமையோ பாலிலுள்ள புரதத்தை உடல் பகையாகக் கருதித் தாக்குவது. அது உயிரையே பறிக்கக்கூடும். அதற்குச் சிறு துளியும் போதும். 'ஒன்றே ஒன்றுதானே' என்ற என் சொல் எவ்வளவு அறியாமை என்பதை இப்போது உணர்வீர்கள்.

பச்சையுணவு இயக்கமும் காந்தியடிகளும்

சமைக்காத உணவே நலம் என்ற கொள்கைக்கும் வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிர்ஷர்-பென்னர் (1867-1939) சூரிச் நகரில் தம் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிள், ஊறவைத்த ஓட்ஸ், எலுமிச்சைச்சாறு, பருப்பு ஆகியவற்றைக் கலந்து ஓர் உணவை 1900 வாக்கில் உருவாக்கினார். அதுவே இன்றைய 'மியூஸ்லி'. ஆனால் அதில் அவர் சேர்த்ததும் இனிப்புக் கெட்டிப் பாலைத்தான்!

பாலும் இல்லாமல், தீயும் இல்லாமல் வாழ்ந்து பார்க்க முயன்றவர் நம் காந்தியடிகள். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலைக் கைவிட்டார். 1919இல் உடல்நலம் மிகவும் குன்றியபோது, கஸ்தூரிபாய் அம்மையார் கூறியபடி ஆட்டுப்பாலை ஏற்றார். அது அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1929இல் சமைக்காத உணவுச் சோதனையைத் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், அரைத்த கீரை, எலுமிச்சை, தேன் ஆகியவையே உணவு. சில நாள்களில் பாதாமுக்கு மாற்றாகத் தேங்காய்ப்பால். ஆசிரமத்தார் சிலரும் உடன் சேர்ந்தனர். சில மாதங்களில், ஆகஸ்டில், வயிற்றுக்கடுப்பால் நலிந்து அச்சோதனையை நிறுத்தினார், ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார்.

எனக்கு வியப்பளித்தது தோல்வியன்று. தொடங்கியதை எழுதியதைப் போலவே நிறுத்தியதையும் தம் 'யங் இந்தியா' இதழில் எழுதினார். தவறிய சோதனையை மறைக்காத அந்தப் பண்பு ஆசிரியர்களாகிய நமக்கு வேண்டும். அதனால்தான் என் பால்கோவாக் கதையை மறைக்காமல் மேலே எழுதினேன்.

பச்சை எல்லாம் பாதுகாப்பன்று

ஆகவே 'பச்சை', 'இயற்கை' என்னும் சொற்களைக் கேட்டவுடன் மயங்கிவிடக் கூடாது. மேலே எள்ளுருண்டையைப் பற்றி முழு உண்மையன்று என்றேனே, அதற்கு விளக்கம் இதோ. எள்ளும் நிலக்கடலையும் முந்திரியும் பாதாமும் பலருக்கு ஒவ்வாமை தருபவை. அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் 2023 சனவரி முதல் எள்ளும் சேர்ந்துவிட்டது. ஒரு பிள்ளையைக் காக்கப் பாலை நீக்கிவிட்டு, இன்னொரு பிள்ளைக்கு எள்ளை ஊட்டிவிடக் கூடாது.

பச்சைக் கோதுமை மாவும் வேண்டா. 2009இல் அமெரிக்காவில் சுடாத குக்கி மாவைத் தின்று பலர் ஈகோலி கிருமியால் நோயுற்றனர். தட்டையான ஓட்ஸ் 'பச்சை' போல் தோன்றினாலும் ஆலையில் நீராவியில் வெந்தபின்னரே தட்டையாக்கப்படுகிறது; எனவே அது ஏற்றது. பேரீச்சம்பழம் நல்லதே ஆயினும் இனிப்புத்தான், அளவு வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரக் கூடாது.

நாங்கள் வகுப்பில் செய்தது

அடுத்த ஆண்டு, பெற்றோர் அனைவரிடமும் ஒவ்வாமை விவரத்தை எழுத்தில் பெற்ற பின்னர், புறப்பாட நேரத்தில் இதைச் செய்தோம். எள்ளும் நிலக்கடலை முதலிய பருப்பு வகைகளும் சேர்க்கவில்லை. ஏறத்தாழ 20 வில்லைகளுக்கான அளவு:

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் - 200 கிராம்
தட்டையான ஓட்ஸ் - 150 கிராம்
உலர்ந்த தேங்காய்த் துருவல் - 50 கிராம்
பூசணி விதை - 50 கிராம்
தேங்காயெண்ணெய் - 1 மேசைக்கரண்டி
ஏலப்பொடி, உப்பு - ஒரு சிட்டிகை

பேரீச்சம்பழத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்து மசிக்கவும். பாதி ஓட்ஸை மட்டும் பொடியாக்கவும் (இதை நான் வீட்டிலேயே அரைத்து எடுத்துச் சென்றேன்). எல்லாவற்றையும் கையால் பிசையவும். வறண்டிருந்தால் ஊறிய நீரில் ஓரிரு கரண்டி தெளிக்கவும். உருட்டி, தட்டி, இரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். ஒரு வாரத்திற்குள் உண்டு முடிக்க வேண்டும்.

கைகளைக் கழுவிக்கொண்டு எல்லாரும் அமர்ந்தனர். அந்த மாணவன் மட்டும் எழுந்து என் மேசைக்கு வந்தான். "டீச்சர், பாக்கெட்டுகளைப் பார்க்கலாமா?" என்றான். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். 'சூசு' என்ற மலாய்ச் சொல் எங்கேனும் இருக்கிறதா என்று விரலால் வரிவரியாகத் தடவிப் படித்தான். அவன் தாயார் அவனுக்குக் கற்பித்திருந்தார். ஓட்ஸ் பொட்டலத்தை இருமுறை படித்தான். பிறகுதான் மாவில் கை வைத்தான்.

முன்பு ஒருமுறை என் சொல்லை நம்பி உண்டவன் அவன். இனி என் சொல்லை நம்பாமல் படித்துப் பார்த்து உண்பான். அதைக் கண்டு நான் வருந்தவில்லை. வாசிப்பின் பயனை அவ்வளவு தெளிவாக எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

அன்று அவன் மூன்று வில்லைகள் தின்றான். நான்காவதைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான், "அம்மாவுக்கு" என்றான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் கையை நீட்டாமல் நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அது சொல்வதைக் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு எது ஆகாது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் தெரிவியுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த தீத் தொடாப் பலகாரம் ஏதேனும் இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.